ஆழமற்ற கடலில் ஒலிக்கு வேலி

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தை அடுத்து, நிலாக்கால இரவில் தோணியை நிறுத்துவார்கள். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டால் ‘பாடும் மீன்’ கேட்கும். பாடுவது மீனா, சிப்பியா, வேறு உயிரா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அந்தத் துடுப்புதான் முக்கியம். துடுப்பில்லாமல் தோணியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பாட்டு அநேகமாகக் கேட்பதில்லை. நீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்பில் வந்து மோதும்போது அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் வருகிறது. மிச்சமெல்லாம் திரும்ப நீருக்குள்ளேயே போய்விடுகிறது. நீரின் மேற்பரப்பு ஒலிக்கு ஒரு கண்ணாடி. மரத்துடுப்பு அந்தக் கண்ணாடியில் ஒரு துளை.

கரைக்கடலின் ஒலியியலை இந்தக் கண்ணாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே ஒலியைத் தப்பவிடாத கூரை. கீழே மணலோ சேறோ பாரோ கொண்ட தரை. அது கொஞ்சம் விழுங்கி, கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஆழ்கடலில் ஒலி இவை இரண்டையும் தொடாமலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக முடியும். கரையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம்வரை நீளும் கண்டத்திட்டில் அது நடக்காது. அங்கே ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் கூரைக்கும் தரைக்கும் இடையே மோதி மோதித்தான் போகிறது. புறப்பட்டது ஒரே ஒலி. சேருமிடத்தில் அது பத்து வழிகளில், பத்து வேளைகளில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகிறது. இந்தக் குழப்பத்தை மனிதர் எந்த அளவுக்கு ஆள முடியும், இதுவரை எந்த அளவுக்கு ஆண்டிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மனிதர் கைவைக்கும் முன்பே கடல் தன் ஒலியைத் தானே ஆண்டுகொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது மாரிஸ் யூயிங், லாமர் வோர்செல் ஆகிய இருவரும் ஆழமற்ற கடலில் வெடிகளை வெடித்து ஒலியைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளுக்கு ஹைம் பெக்கெரிஸ் 1948இல் கணித விளக்கம் தந்தார். அவருடைய மாதிரி எளிமையானது: ஒரே சீரான நீர், அதன் கீழ் ஒரே சீரான தரை. அந்த எளிய மாதிரியே ஒரு முக்கியமான உண்மையைக் காட்டிவிட்டது. நீரின் ஆழத்துக்கு ஏற்ப ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்கும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி அந்த நீரில் தங்காது, தரைக்குள் கசிந்துவிடும். மணல் தரையும் 10 மீட்டர் ஆழமும் உள்ள இடத்தில் இந்த எல்லை ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் 19 மீட்டர். அவ்வளவு பெரிய அலை அந்தச் சின்ன இடுக்குக்குள் அடங்காது. தொலைவில் போகும் பெரிய சரக்குக் கப்பலின் தாழ்ந்த உறுமல் ஆழமற்ற விரிகுடாக்களுக்குள் நுழையத் தயங்குவது இதனால்தான். உச்ச அதிர்வெண்களில் கதை வேறு: அவற்றை நீரும் தரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே, நூறு மீட்டர் ஆழத்தில் சில நூறு ஹெர்ட்ஸ் அளவில், ஒலிக்கு மிக வசதியான ஒரு பாதை திறந்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், காற்றாலைகளுக்காகக் கடலில் தூண் அடிக்கும் சம்மட்டியின் பெரும் ஆற்றலும் ஏறத்தாழ அந்தப் பாதையிலேயே விழுகிறது.

வெப்பம் அடுத்த ஆட்சியாளர். நீர் சூடாக ஆக ஒலியின் வேகம் கூடும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கமாக வளையும். 1930களில் கியூபாவின் குவாண்டனாமோ அருகே அமெரிக்கக் கடற்படையின் சோனார் காலையில் நன்றாக வேலை செய்து, பிற்பகலில் கண்கெட்டதுபோல் ஆனது. கருவியில் பிழையில்லை. நண்பகல் வெயில் மேல்நீரை ஓரிரு டிகிரி சூடாக்கியதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து, நீர்மூழ்கியைத் தொடாமலேயே அதன் அடியில் போய்விட்டது. ‘பிற்பகல் விளைவு’ என்று பெயர்பெற்ற இதைக் கொலம்பஸ் இசலின் விளக்கினார். கரைக்கடலில் இதன் விளைவு இன்னும் கடுமை. கோடையில் ஒலி மீண்டும் மீண்டும் தரையை மோதித் தேய்கிறது. குளிர்காலத்தில் அதே இடத்தில் அதே ஒலி வெகுதூரம் போகிறது. வங்கக் கடலின் வடபகுதியில் ஒலி வளையும் திசையே தலைகீழாகிவிடும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே படர்ந்து, குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்தும் அடிநீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, ஒலி மேல்நோக்கி வளைந்து கூரையோடு ஒட்டிப் போகும்.

தரையும் பேசும். மணலில் ஒலி நீரைவிட வேகமாகப் போவதால், தரையோடு ஏறத்தாழ 28 டிகிரிக்கும் குறைந்த கோணத்தில் சாய்ந்து வரும் ஒலியை மணல் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். மென்சேற்றில் ஒலியின் வேகம் நீரில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கக்கூடும்; அப்போது அந்தத் தடுப்பே இல்லை. ஒரே கப்பல், ஒரே ஆழம். இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் சேறு. இரண்டு பக்கமும் கேட்பது இரண்டு வேறு கடல்.

இவையெல்லாம் மெதுவாக மாறுபவை. மிகவும் திணறடித்தவை உள்ளலைகள். மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் சேரும் எல்லையில், ஏற்றவற்றத்தால் எழும் பெரிய அலைகள் மேற்பரப்பில் பெரிதாகத் தெரியாமலேயே நகர்கின்றன. மஞ்சள் கடலில் கோடையில் செய்த அளவீடுகளில், 600 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி எதிர்பார்த்ததைவிட 25 டெசிபெல் வரை கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சக்தியில் இது முந்நூறு மடங்குக்கு மேல். திசையை மாற்றினால் தேய்மானமும் மாறியது. ஜிஷுன் ஜோவும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் இதற்கு விடை சொன்னார்கள்: உள்ளலைகள் ஒரே தொடராக வரும்போது அவற்றின் இடைவெளி ஒலியின் ஒரு குறிப்பிட்ட தாளத்தோடு பொருந்திவிடுகிறது, அந்த ஒலியின் ஆற்றல், தரையில் எளிதாகத் தேயும் வேறு வடிவத்துக்குத் தள்ளப்படுகிறது. பின்னர் தென்சீனக் கடலிலும் நியூ ஜெர்சிக் கரையிலும் நடந்த பெரிய பரிசோதனைகள் இந்த உள்ளலைகளையே துரத்திப் போயின. 2006இல் நியூ ஜெர்சிக்கு அப்பால் பல கப்பல்கள் சேர்ந்து செய்த பணி இவற்றில் பெரியது. ஒலியை ஆள விரும்புபவருக்கு இங்கே கிடைக்கும் பாடம் கசப்பானது. இன்று காலை அளந்த கடல் இன்று மாலை இருக்காது.

ஆனாலும் இந்தக் குழப்பத்தையே கருவியாக்கலாம் என்று ஒரு கூட்டம் நினைத்தது. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான எண்ணம் இதுதான். பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க் ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்த காலத் திருப்பு ஆடியை, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கூப்பர்மனும் அவர் குழுவும் நேட்டோவின் கடல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் சின்னதாக ஒரு ஒலியை எழுப்புவது. தொலைவில் செங்குத்தாகத் தொங்கும் ஒலிவாங்கிகளின் வரிசையில் அது பத்து வழிகளில் சிதைந்து வந்து சேர்வதைப் பதிவு செய்வது. பிறகு அந்தப் பதிவைப் பின்முன்னாகத் திருப்பி, அதே இடங்களிலிருந்து கடலுக்குள் ஒலிபரப்புவது. கடைசியில் வந்தது முதலில் புறப்படும். நீண்ட வழியில் வந்தது முன்னால் கிளம்பி, குறுக்கு வழியில் வந்தது பின்னால் கிளம்பும். தேரோட்டத்துக்குத் தூர ஊர்க்காரர் விடியுமுன்பே புறப்பட, பக்கத்துத் தெருக்காரர் பொறுத்து நடக்க, எல்லோரும் தேர் நிலையில் ஒரே வேளையில் கூடுவதுபோல, எல்லா வழிகளின் ஒலியும் முதலில் புறப்பட்ட இடத்தில் ஒரே நொடியில் சேரும். சிக்கலை அவிழ்க்கும் வேலையைக் கடலே செய்துவிடுகிறது.

1996 ஏப்ரலில் இத்தாலியின் மேற்குக் கரைக்கு அப்பால், ஃபோர்மிக்கே தி குரோசெட்டோ என்ற சிறு தீவுக்கூட்டத்தருகே, 125 மீட்டர் ஆழத்தில் இது நடந்தது. 77 மீட்டர் நீளத்துக்கு 20 கருவிகள் கொண்ட வரிசை. அதிர்வெண் 445 ஹெர்ட்ஸ். 6.3 கிலோமீட்டர் தள்ளி ஒலி குவிந்தது. மறு ஆண்டு இது 30 கிலோமீட்டர் வரை நீண்டது. ஒரு வாரத்துக்கு முன் பதிவு செய்த ஒலியைத் திருப்பி அனுப்பியபோதும் குவிந்தது. இந்தக் கடைசிச் செய்தியே என்னை அதிகம் வியக்கவைக்கிறது. இவ்வளவு அமைதியற்ற கடலில், தாழ்ந்த அதிர்வெண்களுக்காவது, ஒரு வாரம் நீடிக்கும் ஏதோ ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற இந்த நினைவு சுருங்கிவிடும் என்பதும் பிந்தைய சோதனைகளில் தெரிந்தது. இதே முறையால் ஒலியைக் குவிப்பது மட்டுமின்றி, வேண்டாத இடத்தில் ஒலியைக் குறைக்கவும் முடியும். கடலடித் தகவல் தொடர்பில் இதன் எளிய வடிவம் இன்று பயன்படுகிறது. ஆனால் நீருக்குள் இருபது கருவிகளைத் தொங்கவிட்டுப் பல கிலோமீட்டர் கடலைக் காவல் காப்பது ஒரு துறைமுகத்துக்கோ மீன்பிடித் தளத்துக்கோ ஆகிற காரியமில்லை. அழகும் பயனும் இங்கே இன்னும் முழுதாகச் சேரவில்லை.

ஒலி சேருமிடத்தில் வேலை செய்தவர்களில் ஒருவரை மட்டும் இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மந்தார் சித்ரே, சொடுக்கும் இறால்களின் வெடிச்சத்தம் நிறைந்த வெப்பமண்டல நீரில் செய்தியை எப்படிப் பிரித்தெடுப்பது என்று காட்டியிருக்கிறார். விரல்நீளம்கூட இல்லாத அந்த இறாலின் கொடுக்கு மூடும் வேகத்தில் ஒரு குமிழி உருவாகி உடையும். சத்தம் அந்த உடைவிலிருந்து வருகிறது என்பது 2000இல்தான் தெளிவானது.

குமிழிகளே கரைக்கடலில் மனிதரிடம் உண்மையாக இருக்கும் முதன்மையான வேலி. நீருக்குள் நூற்றில் ஒரு பங்கு காற்றுக் குமிழி கலந்தால் போதும்: அந்தக் கலவையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1500 மீட்டரிலிருந்து சுமார் 100 மீட்டருக்கு விழுந்துவிடும். காற்றில் உள்ளதைவிடவும் குறைவு. ஏ.பி. வுட் 1930இல் இதை விளக்கினார். 1933இல் மின்னார்ட் இன்னொன்றைக் கணக்கிட்டார்: ஒவ்வொரு குமிழிக்கும் தனக்கென ஒரு சுருதி உண்டு. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி மேற்பரப்பருகே 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஒலிக்கும். அந்தச் சுருதியில் வரும் ஒலியை அது பிடித்துச் சிதறடிக்கும். ஆகவே குமிழித் திரை இரண்டு வேலை செய்கிறது: வேகத்தின் வேறுபாட்டால் சுவராக நிற்கிறது, சுருதியால் ஒலியை விழுங்குகிறது.

1990களில் ஹாங்காங்கில் விமான எரிபொருள் இறங்குதுறை கட்டியபோது, அங்குள்ள வெள்ளை ஓங்கில்களுக்காக இத்திரையைச் சோதித்தார்கள். மொத்த ஒலி 3 முதல் 5 டெசிபெல் குறைந்தது. சுமாரான தொடக்கம். அதை ஒரு தொழிலாக்கியது வட கடலின் ஜெர்மன் பகுதி. அங்கே காற்றாலைக்காகப் பல மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களை ஆயிரக்கணக்கான அடிகளால் தரைக்குள் இறக்குகிறார்கள். அந்தக் கடலின் உயிர் போர்ப்பாய்ஸ். ஓங்கிலுக்கு நெருங்கிய, அதைவிடச் சிறிய பாலூட்டி. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலையில் 2008இல் குழாய் அடித்தபோது அவை சுமார் 18 கிலோமீட்டர் தூரம் வரை விலகிப் போயின. ஜெர்மனி ஒரு எண்ணை எழுதியது: அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில், ஒரு அடியின் ஒலி 160 டெசிபெலைத் தாண்டக் கூடாது. (நீருக்குள் அளக்கும் டெசிபெல்லை நாம் தெருவில் சொல்லும் டெசிபெல்லோடு ஒப்பிடக் கூடாது, அடிப்படை அளவுகளே வேறு, சுமார் 62 கழித்துக்கொள்ள வேண்டும்.) அந்த எண்ணுக்கு முக்கிய ஆதரவு, 2009இல் டென்மார்க்கில் வளர்ப்பில் இருந்த ஒரே ஒரு போர்ப்பாய்ஸின் கேள்திறனைக் கொண்டு செய்த ஆய்வு. ஒரு விலங்கின் காது ஒரு தொழிலையே மாற்றியது. வேலியில்லாமல் அடித்தால் அந்த 750 மீட்டரில் 170 முதல் 180 வரை வரும். ஆக, ஆற்றலைப் பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ குறைத்தே தீர வேண்டும். எண் இருந்ததால் பொறியியல் வந்தது. பெரிய குமிழித் திரை, இரட்டைத் திரை, நுரைப்பந்து வலை, குழாயைச் சுற்றிய இரட்டைச் சுவர் உறை என்று பத்தாண்டில் ஒரு துறையே பிறந்தது. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் கண்டுபிடிப்புதான் முதலில் வந்தது என்று எண்ணுவது தவறு. இயற்பியல் 1930களிலேயே தெரிந்திருந்தது.

குமிழிக்கும் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 100 ஹெர்ட்ஸைப் பிடிக்க 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆரமுள்ள குமிழி வேண்டும். அவ்வளவு பெரிய குமிழி நீரில் உடைந்து சிறிதாகிவிடும். அதனால்தான் நுரைப்பந்துகளை வலையில் கட்டித் தொங்கவிட்டார்கள். 30 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே அதே அளவுள்ள குமிழியின் சுருதி இரட்டிப்பாகிவிடும். தனிக் குமிழி விநாடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் ஏறும். 30 மீட்டர் ஏற இரண்டு நிமிடம். நீவாடு, அதாவது நீரோட்டம், விநாடிக்கு அரை மீட்டர் இழுத்தால் திரை 60 மீட்டர் சாய்ந்துவிடும். ஏற்றவற்றம் வலுத்த நாளில் வேலியின் ஒரு பக்கம் கிழிந்தே இருக்கும்.

அதைவிட நுட்பமான ஓட்டை தரையில் இருக்கிறது. சம்மட்டி விழுந்ததும் எஃகில் ஓடும் அதிர்வு விநாடிக்குச் சுமார் 5000 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, நீரில் ஒலி போவதைவிட மூன்று மடங்குக்கு மேல். அதிவேக விமானத்தின் அதிர்கூம்பு போல, குழாயைச் சுற்றி ஏறத்தாழ 17 டிகிரி கோணத்தில் ஒலி சாய்ந்து இறங்குகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் வாஷோன் தீவுப் படகுத்துறையில் 2009இல் பதிவு செய்து பெர் ரெய்ன்ஹாலும் பீட்டர் டாலும் இதை விளக்கினார்கள். குழாயின் அடிப்பகுதி தரைக்குள்ளேயும் ஒலியைப் பாய்ச்சுகிறது. அது குமிழித் திரைக்கு அடியில் நுழைந்து வெளியே எழுகிறது. இதனால்தான் பெரிய திரையைக் குழாயின் காலடியில் போடாமல், நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி வட்டமாக விரிக்கிறார்கள். தரையில் நுழைந்த ஒலி எழுவதற்கு அங்கே இடம் விட்டு, எழுந்த பிறகு பிடிக்க வேண்டும்.

அப்படியானால் அடிக்காமலே இருக்க முடியுமா? முடியும். டென்மார்க்கின் மிடில்குருண்டன் காற்றாலை 2000ஆம் ஆண்டில் கான்கிரீட் பாதங்களின் மேல் நிறுத்தப்பட்டது. சம்மட்டி வேலையே இல்லை. உறிஞ்சு வாளி அடித்தளம், குழாயை அதிர்த்து இறக்கும் முறை, மிதக்கும் காற்றாலை ஆகியவையும் உண்டு. கப்பல் விஷயத்தில் எளிய வழி மெதுவாகப் போவது. கனடாவின் ஹாரோ நீரிணையில், அருகிவரும் கொலையாளித் திமிங்கிலங்களுக்காக, 2017இல் வான்கூவர் துறைமுகம் சரக்குக் கப்பல்களை மணிக்கு 11 கடல்மைல் வேகத்துக்குக் குறைக்கச் சொல்லி முயன்றது. பெரும்பான்மைக் கப்பல்கள் கேட்டன, நீருக்குள் பின்னணிச் சத்தமும் குறைந்தது. போர்க்கப்பல்கள் தங்கள் ஓட்டிலும் சுழலியிலும் காற்றைப் பாய்ச்சித் தங்களை மறைத்துக்கொள்வது பழைய கலை. பொதுமக்கள் கடலுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆகிவிட்டது.

இந்த முடிவுகளெல்லாம் இப்போது நம் கரைக்கும் வந்து நிற்கின்றன. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை குஜராத், தமிழ்நாடு கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைக்கான நிதித்திட்டத்தை ஏற்றது. தமிழ்நாட்டின் பங்கு மன்னார் வளைகுடாவை நோக்கியது. அந்தக் கடலில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட தேசியப் பூங்கா இருக்கிறது. அடுத்துள்ள பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம் இருக்கிறது. காற்றாலை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஜெர்மனியின் எண்ணை இங்கே அப்படியே நகலெடுத்துவிடக் கூடாது. 160 என்பது குளிர்ந்த வட கடலில் போர்ப்பாய்ஸின் காதுக்கு எழுதியது. இங்கே கேட்பவர் ஓங்கிலும், பறவைபோல் கீச்சிடும் கடற்பசுவும், சத்தமிட்டு இனம்சேரும் மீன்களும். பவளப்பாறையைச் சுற்றிச் சொடுக்கும் இறால்களின் இரைச்சல் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதன்மேல் சம்மட்டி ஒலி எவ்வளவு தூரம் தனித்துக் கேட்கும் என்பதை அங்கேயே அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்கும் முறையும் நமக்குத் தெரியும். நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி, கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும் ஒரு முழு ஆண்டுக்குக் கேட்க வேண்டும். இரண்டு பருவத்திலும் நீரின் வெப்பமும் உப்பும் மாறுவதால் ஒலி போகும் தூரமும் மாறும். தரையில் எங்கே மணல், எங்கே சேறு, எங்கே பார் என்பதை வரைய வேண்டும். அந்த வரைபடத்தின் முதல் அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது: எத்தனை பாக ஆழத்தில் எந்த அடித்தரை, எந்த நீவாட்டில் வலை எப்படி இழுபடும் என்று மூக்கையூர், ஏர்வாடி, பாம்பன் மீனவர்கள் அறிவார்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் படகிலேயே ஒலிவாங்கியை இறக்கலாம். முதல் குழாய் கடலைத் தொடுமுன் எண் எழுதப்பட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் அன்றைய சம்மட்டி வேலை நின்றாக வேண்டும்.